பாதி வழிச் சம்பந்தி

எங்கள் கம்பெனியில் எனக்குப் பெயர் பிரேக். சாலையில் ஒரு காகிதப்பை பறந்து வந்தால்கூட பிரேக்கில் கால் வைத்துவிடுவேன் என்று மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். வைத்துவிட்டுப் போகட்டும். என் வண்டியில் இதுவரை ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் வண்டிக்கு பம்பர் இல்லை.

அந்தப் பக்கத்து டிரைவருக்குப் பெயர் ஹாரன். ஆளே இல்லாத சாலையிலும் அடித்துக்கொண்டு வருவான். கேட்டால், "யாராவது இருந்தா?" என்பான். ஆள் குள்ளம், சத்தம் பெரிது.

அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனிக்கு இரண்டு ஊரில் கிடங்கு. தினமும் காலையில் எங்கள் ஊர்க் கிடங்கிலிருந்து நான் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்புவேன். அவன் ஊரிலிருந்து அவன் ஒன்றை இழுத்துக்கொண்டு வருவான். நட்டநடு வழியில், பெட்ரோல் பங்க்கை ஒட்டி, கம்பெனி வாடகைக்கு எடுத்த மைதானம் ஒன்று உண்டு. மதியம் அங்கே இருவரும் டிரெய்லரைக் கழற்றுவோம். அவன் கொண்டுவந்ததை நான் மாட்டிக்கொள்வேன், நான் கொண்டுபோனதை அவன் மாட்டிக்கொள்வான். வந்த வழியே திரும்பிவிடுவோம். சரக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும், டிரைவர்கள் இரண்டு பேரும் சாயங்காலம் அவரவர் வீட்டில் இருப்பார்கள். யார் கண்டுபிடித்தார்களோ, நல்ல மனுஷன்.

இதில் ஒரு விநோதம் உண்டு. அந்தச் சாலையில் எனக்குத் தெரியாத குழி கிடையாது, ஆனால் பாதி வழி வரைக்கும்தான். மைதானத்தைத் தாண்டினால் சாலை ஒரு மேட்டில் ஏறும். ஏறி அந்தப் பக்கம் இறங்கும். இறங்கிய பிறகு அது எங்கே போகிறது, எப்படிப் போகிறது, எனக்குத் தெரியாது. ஹாரனுக்கும் அப்படித்தான். இருவரும் ஒருவர் ஊரை ஒருவர் பார்த்ததே இல்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது டிரெய்லரின் காலால். டிரெய்லருக்கு முன்பக்கம் இரண்டு இரும்புக் கால்கள் இருக்கும். டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியைக் கழற்றுவதற்கு முன் கைப்பிடியைச் சுற்றி அந்தக் காலைத் தரையில் ஊன்ற வேண்டும். எந்த உயரத்தில் ஊன்றுகிறோமோ அந்த உயரத்தில் டிரெய்லர் நிற்கும். என் முன்வண்டி உயரம், அவன் முன்வண்டி தாழ்வு. அவன் தன் வண்டிக்குத் தோதாகத் தாழ்வாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். நான் மொட்டை வெயிலில் நின்று, முழுச் சரக்கோடு இருக்கிற டிரெய்லரை என் உயரத்துக்குச் சுற்றி ஏற்ற வேண்டும். அடுத்தவன் வண்டிக்கு ஏற்ற மாதிரி ஏற்றியோ இறக்கியோ வைத்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலில் மரியாதை. ஒருநாள் சுற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வலியில் வாய் சும்மா இருக்குமா?

"குள்ளனுக்குக் குள்ள வண்டி!" என்று மைதானமே கேட்கக் கத்திவிட்டேன்.

"ஒட்டகத்துக்கு ஒட்டக வண்டி!" என்று அவன் திருப்பிக் கத்தினான். "நீ மட்டும் என்ன, எனக்காக எறக்கியா வெச்சுட்டுப் போற?"

அதோடு பேச்சு நின்றது. அவன் ஒரு மேஜை, நான் ஒரு மேஜை. டீ கொடுக்கும் கேன்டீன் அக்காதான் நடுவில் தூது. அந்த அக்கா என்னைவிட வயதில் சிறியவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். அங்கே யாரும் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

ஆனால் டீ மேஜையில் மட்டும் தூது இருந்தால் போதாதே. வண்டி எங்கே வருகிறது, எவ்வளவு தாமதம், வழியில் பழுதா, இதெல்லாம் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொண்டால்தான் வேலை நடக்கும். எங்கள் கிடங்கில் வண்டிகளை அனுப்பும் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் என் மகள். அவன் ஊர்க் கிடங்கில் அதே மேஜையில் அவன் மகன். ஹாரன் எனக்குச் சொல்ல வேண்டியதைத் தன் மகனிடம் சொல்வான். மகன் என் மகளுக்குச் சொல்வான். மகள் எனக்குச் சொல்வாள். நானும் அப்படியே. நாங்கள் பேசாமல் இருந்த நாளெல்லாம் அவர்கள் பேசினார்கள். முதலில் வண்டி கிளம்பும்போது பேசினார்கள். பிறகு வண்டி நின்ற பிறகும் பேசினார்கள். கடைசியில் வண்டியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள். "அப்பா, நான் அவரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"எவரை?"

"அவங்க பையனைத்தான்."

நான் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, "நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா பேசிட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. சாப்பிடுங்க," என்றாள். அவள் எப்போதும் நியாயத்தைத்தான் பேசுவாள். அதனால்தான் கேட்கப் பிடிக்காது.

நல்ல பையன்தான், விசாரித்துவிட்டேன். அவனுக்கும் சரி, இவளுக்கும் சரி, இரண்டு வீட்டுச் சம்மதம் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்ற எண்ணம். "ஓடிப் போறதுக்கெல்லாம் எங்களுக்கு நேரம் இல்லப்பா, ரெண்டு பேருக்கும் ஷிப்ட்," என்றாள் மகள். ஆக, அப்பாக்கள் பேச வேண்டும். யார் முதலில் பேசுவது? பூனைக்கு யார் மணி கட்டுவது?

"பையன் வீட்டுக்காரங்கதான் வந்து கேக்கணும். நான் ஏன் முதல்ல வாயைத் திறக்கணும்?" என்றேன்.

"அவரும் அதையேதான் சொல்றாராம். பொண்ணோட அப்பா முதல்ல ஒரு வார்த்தை பேசட்டும்னு."

இப்படியே இழுத்தது. நான் வீறாப்பு என்று சொல்லிக்கொண்டேன். வீட்டிலும் வீறாப்பு என்றுதான் நினைத்தார்கள். உண்மையில் எனக்குப் பயம். எனக்கு இருப்பது ஒரே மகள். கல்யாணம் என்று ஆனால் அவள் அந்த மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுவாள். நான் போகாத பாதியில் போய் இருந்துவிடுவாள். வாயைத் திறக்காத வரைக்கும் அது நடக்காது என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கும் கெடு வந்தது. ஒருநாள் காலை நான் கிளம்பும்போது மகள் வண்டியின் படியில் ஏறி ஜன்னல் பக்கம் நின்றாள்.

"அப்பா, இன்னிக்குத்தான் அவங்க அப்பாவுக்கு இந்த ரூட்டுல கடைசி நாள். நாளைல இருந்து ஊருக்குள்ளயே டெலிவரி வண்டி ஓட்டப் போறார். இனிமே அந்த மைதானத்துக்கு வர மாட்டார். நீங்களும் அவங்க ஊருக்குப் போக மாட்டீங்க. போன்லயும் ரெண்டு பேரும் பேச மாட்டீங்க. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்பா."

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் சமாளித்திருப்பேன். முகத்தைப் பார்த்தேன், தூங்காத முகம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே என் மனைவியும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "இன்னிக்குப் பேசாம வந்தீங்கன்னா, இந்த வீட்டுல உங்ககூடப் பேசவும் ஆள் இருக்காது."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். "உங்க பையனும் என் பொண்ணும்..." என்று ஆரம்பித்தேன். உங்க என்றால் ரொம்ப இறங்கி வந்த மாதிரி இருந்தது. "உன் பையன்..." என்று மாற்றினேன். சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தது. "பிள்ளைங்க..." என்று பொதுவாக ஆரம்பித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேசுகிற மாதிரி இருந்தது. ஒத்திகை முடிவதற்குள் மைதானம் வந்துவிட்டது.

ஹாரன் ஏற்கெனவே வந்து டிரெய்லரைக் கழற்றிவிட்டிருந்தான். அவன் முன்வண்டி அதற்குச் சற்று முன்னால் நின்றது. நான் பக்கத்தில் நிறுத்தி, காலை ஊன்றி, கழற்றி, முன்வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்தினேன். மனசெல்லாம் வேறெங்கோ இருந்ததால் எந்த உயரத்தில் விட்டேன் என்றே பார்க்கவில்லை.

கேன்டீனில் அவன் தன் மேஜையில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் என் மேஜையில் உட்கார்ந்தேன். அக்கா டீயோடு வந்தாள்.

"அக்கா," என்றேன், மெதுவாக. "அவன்கிட்ட சொல்லுங்க. என் பொண்ணுக்கு அவன் பையனைப் பிடிச்சிருக்காம்."

அக்கா டீயை மேஜையில் வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"டீ ஆறிடுச்சு, டீசல் போட்டாச்சு, காகிதம் வாங்கிக்கோ, இதெல்லாம் சொல்லியிருக்கேன் அண்ணே. இதை நான் சொல்ல மாட்டேன். இந்த அஞ்சடி தூரத்தை நடக்க உங்களுக்கு என்ன, லைசென்ஸ் வேணுமா?"

வேறு வழியில்லை. எழுந்தேன். அவன் மேஜைக்கு எதிரே போய் நின்றேன். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"அப்பன்னா?"

"நீ என்ன சொல்ற?"

"என் பையன் ராத்திரி பூரா சிரிச்சுக்கிட்டே தூங்கறான். நான் என்ன சொல்ல முடியும்? உக்காரு."

உட்கார்ந்தேன். பிறகு எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எனக்கு அவ ஒருத்திதான்யா. உன் ஊர் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அவளை அங்க அனுப்பிட்டு, தினமும் இந்த மைதானம் வரைக்கும் வந்து திரும்பிப் போகணும். நெனச்சாலே பயமா இருக்கு."

ஹாரன் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். மூக்கை உறிஞ்சினான்.

"எங்க வீட்டுல மூணு ஆம்பளைங்க. நான், என் பையன், என் அப்பா. வீட்டுக்குள்ள ஒரு நல்ல வார்த்தை கேட்டு வருஷக்கணக்காச்சு. நான் லேட்டானா உன் பொண்ணே நேரா எனக்கு போன் போட்டு 'அங்கிள், மெதுவா வாங்க, மழை பெய்யுது'ன்னு சொல்லும். அந்தக் குரலைக் கேக்கறதுக்காகவே நான் சில நாள் லேட்டா வந்திருக்கேன். அந்தப் பொண்ணை நான் பாத்துக்க மாட்டேனா?"

நான் அழுதேன் என்று அக்கா பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது யார் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஹாரனும் அழுதான், அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் வினையே ஆரம்பித்தது. சம்பந்தி என்று ஆகிவிட்டால் வா, போ என்று பேச முடியுமா? இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது.

"இன்னொரு டீ சாப்பிட... சாப்பிடுங்க," என்றார் ஹாரன். இனிமேல் எனக்கும் அவர் 'அவர்'தான்.

"நீங்க சாப்பிடுங்க சம்பந்தி."

"இல்ல இல்ல, உங்களுக்கு அப்புறம்தான்."

"அட, நீங்க மொதல்ல."

அக்கா அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டாள். "குடிச்சுத் தொலைங்க ரெண்டு பேரும்!"

சரக்குக் காகிதங்களை எப்போதும் அக்கா கையில் கொடுத்து வாங்குவோம். அன்று கைக்குக் கை மாற்றிக்கொண்டோம், இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்கினோம். தோளில் கை போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தோம். அவர் என் இடுப்பு வரைக்கும்தான் வருவார் என்பதால் தோள் அவருக்கு எட்டவில்லை, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வழக்கமாக என்ன நடக்குமென்றால், அவர் முதலில் முன்வண்டியை எடுத்து, சுற்றிவந்து, நான் விட்ட டிரெய்லரை மாட்டுவார். அவர் இடம் காலியானதும் நான் போய் அவருடையதை மாட்டுவேன். சண்டை போட்ட காலத்திலும் இந்த ஒழுங்கு மாறியதில்லை. அன்று இருவரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். அவர் ஜன்னலில் கையை நீட்டி, நீங்க முதல்ல எடுங்க என்று காட்டினார். நான் கையை நீட்டி, நீங்க எடுங்க என்று காட்டினேன். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பின்னால் டீசல் போட வந்த ஒரு வண்டிக்காரன், "என்ன ரெண்டு பேரும் நாடகம் போடறீங்களா?" என்று கத்தினான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரிய மனுஷத்தனமாக நாமே முதலில் எடுப்போம் என்று ரிவர்ஸ் போட்டேன். அதே நேரத்தில் அவரும் போட்டார். இருவரும் நேர் பின்னால் போனோம்.

டிரெய்லரின் ஆணி என் வண்டியின் பூட்டில் டக்கென்று விழுந்தது. ஒரு சுற்றுகூடச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. உயரம் தராசில் வைத்த மாதிரி சரியாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் கேட்கக்கூட இல்லை, மனுஷன் எனக்காக என் உயரத்துக்கே ஏற்றி வைத்திருக்கிறார்! இந்த ஆளையா இத்தனை நாள் குள்ளன் என்று திட்டினோம்? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையைக் குவித்தார். அவர் டிரெய்லரும் ஒரே தடவையில் பூட்டியிருந்தது. டயரைத் தட்டிப் பார்ப்பது, நம்பரைச் சரிபார்ப்பது, எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. எங்கள் கம்பெனி டிரெய்லர் எல்லாமே ஒரே நீலம், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நசுங்கல்.

திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். போன் அடித்ததாம். ஓட்டும்போது எடுப்பதில்லை என்பது என் சட்டம், பாடும்போது காதில் விழுவதில்லை என்பது இயற்கை.

கிடங்கில் நுழைந்தபோது மகள் சரக்கு இறக்கும் மேடையில் நின்றிருந்தாள். நான் வண்டியை நிறுத்திக் குதித்து இறங்கினேன், இடுப்பு வலியைக்கூட மறந்து.

"முடிச்சுட்டேன்டி! பேசி முடிச்சுட்டேன்!"

அவள் கண் சிவந்திருந்தது. "நீங்க பேசின லட்சணம்தான் தெரியுதே. டிரெய்லரைக்கூட மாத்திக்காம வந்திருக்கீங்க."

"என்னது?"

"மதியத்துல இருந்து ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டிருக்கேன். உங்க டிரெய்லர் பாதி வழி போயிட்டு இங்கயே திரும்பி வருது. அவங்க டிரெய்லர் அங்கயே திரும்பிப் போகுது. இவ்வளவு தூரம் போகும்னு நான் நெனக்கலப்பா. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். கம்பெனி சரக்கைக்கூட மாத்திக்க மாட்டோம்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கீங்களே!"

நான் மெல்லத் திரும்பி டிரெய்லரின் நம்பரைப் பார்த்தேன். காலையில் நான் இழுத்துக்கொண்டு போன அதே நம்பர்.

"இல்லம்மா... உயரம் சரியா இருந்துச்சு. அவர் எனக்காக ஏத்தி வெச்சிருந்தார்."

"உங்க டிரெய்லர் உங்க உயரத்துல இல்லாம வேற யார் உயரத்துலப்பா இருக்கும்?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே இரண்டு ஆனை ஒன்றுக்கொன்று கும்பிடு போட்டுக்கொண்டே சறுக்கியிருந்தது. நான் அசடு வழிய நின்றேன். நடந்ததை ஆதியோடந்தமாக, டீயிலிருந்து பெல்ட் வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. நம்பலாமா வேண்டாமா என்று என்னையே பார்த்தாள். அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க அப்பா அங்க போய் இறங்கினதும், 'சம்பந்தி தங்கமான மனுஷன், டிரெய்லரை என் உயரத்துக்கு எறக்கி வெச்சிருந்தார்'னு அழுதாராம்!"

சிரித்தவள் அப்படியே என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேடையில் மூட்டை இறக்குபவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பார்க்கக் கூடாதவர் ஒருவரும் பார்த்துவிட்டார். எங்கள் மேனேஜருக்குக் கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். அன்று கழுத்துவரை சிவந்திருந்தது.

"ரெண்டு பேரும் சீனியர் டிரைவர். மாத்திக்கிட்டு வாங்கடான்னா, ஊர்வலம் போற மாதிரி போயிட்டு வந்திருக்கீங்க. என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க அங்க?"

"கல்யாணம் பேசிட்டிருந்தோம் சார்."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திட்டுவதற்கு எடுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அவர் நாளைல இருந்து இந்த ரூட்டுல இல்ல. புது டிரைவர் வர ரெண்டு மூணு நாள் ஆகும். நாளைக்குக் காலைல நீயே முழு வழியும் போ. இதை அங்க விட்டுட்டு, அங்க இருக்கறதை மாட்டிக்கிட்டு வா. இந்தத் தடவையாவது வேற டிரெய்லரோட வா."

"முழு வழியுமா சார்?"

"ஏன், பாதியில விட்டுட்டு வந்துடலாம்னு பாக்கறியா?"

மறுநாள் மகள் விடுப்பு போட்டாள். மேனேஜரிடம் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு முன்வண்டியில் ஏறினாள். அவளுக்கு முன்னாலேயே என் மனைவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், இஸ்திரி போட்ட துணியும் கைப்பையுமாக. "நீங்க தனியாப் போய் என்னத்தைப் பேசுவீங்கன்னுதான் நேத்தே பாத்தாச்சே," என்றாள்.

மைதானத்தில் நான் திரும்பாமல் நேராகப் போனதைப் பார்த்து அக்கா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். "அண்ணே! தாண்டிப் போறீங்க அண்ணே!" என்று கத்தினாள். மகள் ஜன்னலில் எட்டிக் கையசைத்தாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைத் தூக்கி ஆட்டினாள்.

மேடு வந்தது. ஏறினேன். அந்தப் பக்கம் இறங்கும்போது என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. எதிரே ஒன்றும் இல்லை. சாலை நீளமாகக் கிடந்தது, இரண்டு பக்கமும் மரம், அவ்வளவுதான். ஆனாலும் என்னால் வேகம் எடுக்க முடியவில்லை. சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"பொண்ணைக் கொடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லிடுங்க," என்றாள் என் மனைவி. "இப்படி உருட்டிக்கிட்டுப் போகாதீங்க."

"தெரியாத ரோடும்மா. எங்க வளைவு, எங்க குழின்னு..."

"அடுத்து ஒரு பாலம் வரும்ப்பா," என்றாள் மகள். "பாலம் முடியற எடத்துல இடது பக்கம் குழி இருக்கு. வலது ஓரமாப் போங்க."

பாலம் வந்தது. முடிகிற இடத்தில் இடது பக்கம் குழி இருந்தது.

"நீ எப்ப வந்த இங்க?"

"வந்ததே இல்லப்பா. அவங்க அப்பா தினமும் எங்க வர்றார்னு அவர்கிட்ட கேப்பேன்ல. பாலம் தாண்டிட்டார், செங்கல் சூளைகிட்ட வந்துட்டார், ரயில்வே கேட்ல நிக்கறார்னு சொல்வார். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. இதுக்கப்புறம் ஒரு சூளை வரும் பாருங்க. அங்க புகை ரோட்டுக்கு வரும், லைட்டைப் போட்டுக்கோங்க."

சூளை வந்தது, புகையும் வந்தது. லைட்டைப் போட்டேன். அதன் பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். எந்த வளைவில் மாடு குறுக்கே வரும், எந்த ஊரில் பள்ளிக்கூடம் விடும், எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பயந்துகொண்டிருந்த பாதியில் என் மகள் எத்தனையோ நாளாகக் குடியிருந்திருக்கிறாள். அது எனக்கு வலித்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. என் கால் மெல்ல ஆக்ஸிலேட்டருக்குப் போனதை என் மனைவி பார்த்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஊர்க் கிடங்கின் வாசலில் குறுக்கே கம்பு போட்டிருந்தது. காவலாளி ஒருவர் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். கூண்டிலிருந்து இறங்கி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"இந்த வண்டியை இங்க பாத்ததே இல்லையே. யாரு நீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு டிரைவர் சொல்ல வேண்டியது கம்பெனி பெயர், டிரெய்லர் நம்பர், எங்கிருந்து வருகிறோம் என்பது. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் மகளைப் பார்த்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க," என்றேன்.

காவலாளி என்னைப் பார்த்தார், பிறகு அந்த நீளமான நீல டிரெய்லரைக் கடைசிவரை பார்த்தார்.

"பின்னாடி எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே போய்க் கம்பைத் தூக்கினார்.